புளி பட்ட சொம்பு

என் சமையலறை அலமாரியில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. கழுத்து ஒடுங்கி, வயிறு பருத்து, கைக்குக் கனமாக இருக்கும் பழைய காலத்துச் சொம்பு. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. எடுத்துத் துலக்குவதும் இல்லை. போன பொங்கலுக்கு வந்திருந்த என் மருமகள், “கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடுமே அத்தை, நான் தேய்க்கட்டுமா?” என்று கேட்டாள். நல்ல பெண், உதவத்தான் கேட்டாள். “வேணாம், வெச்சிடு” என்று நான் சொன்ன தோரணையில் மிரண்டுபோய் வைத்துவிட்டாள். புளி என்ற சொல்லை அந்தச் சொம்பின் பக்கத்தில் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது என்பதை அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது என்று தெரியவில்லை. அந்தச் சொம்பு என் அண்ணியுடையது. அதில் தண்ணீர் குடித்தவர் என் அண்ணன்.

எங்களுக்கு ஊர் ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டு. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கம்பெனிகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது எழுபதுகளை. அப்போது ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு எருமை, ஓட்டு வீடு, இவ்வளவுதான் எங்கள் சொத்து. அப்பா இல்லை. அம்மா, அண்ணன், நான். அண்ணன் கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். விடியற்காலை பஸ் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து ரயிலேறி வேலைக்குப் போவார். சாயங்காலம் திரும்பி வரும்போது சட்டையெல்லாம் இரும்பு வாசனை அடிக்கும். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன். தெருமுனையில் திரும்பும்போதே சீட்டி அடித்துக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணி அடுப்பில் காப்பித் தண்ணீர் வைப்பாள்.

அண்ணி சேரப்பணஞ்சேரிப் பெண். அதிகம் பேசமாட்டாள். சீராக வந்த பித்தளைப் பாத்திரங்கள் மீது அவளுக்கு ஒரு பெருமை உண்டு. தினமும் காலையில் கிணற்றடியில் குந்தி, பழைய புளியை நார் உருண்டையில் வைத்து ஒவ்வொரு பாத்திரமாகத் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பாள். அந்தச் சொம்பை மட்டும் கடைசியில், தனியாக. அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அதில்தான் தண்ணீர் கொடுப்பாள். “மூஞ்சி பாத்துக்கலாம் போல கீதே” என்று அவர் தினமும் சொல்வார். அண்ணியும் தினமும் அதைப் புதிதாகக் கேட்பவள்போல் தலையைக் குனிந்துகொள்வாள்.

கல்யாணமாகி சில வருஷங்கள் குழந்தை இல்லை. ஊர் வழக்கப்படி முதலில் மாட்டிக்கொண்டது அண்ணிதான். அம்மா அவளை எந்தெந்தக் கோயிலுக்கெல்லாமோ இழுத்துக்கொண்டு போனாள். எந்தெந்த வேரையோ அரைத்துக் குடிக்க வைத்தாள். கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். எனக்கு அப்போது ஆசிரியப் பயிற்சி முடிந்து வேலைக்குக் காத்திருந்த நேரம். அந்தம்மா அண்ணியைச் சோதித்துவிட்டு, “உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க, அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்” என்றார். வீட்டுக்கு வந்து அந்தச் சேதியை அண்ணனிடம் சொன்ன அன்று அவர் சாப்பிடாமல் எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சீட்டிச் சத்தம் குறைந்தது. டாக்டர் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்தார்.

அந்த விஷயத்துக்கு எங்கள் வீட்டில் பெயரே கிடையாது. எதைச் சொன்னாலும் நரம்பு என்பார்கள். நரம்புக்குத் தெம்பில்லை, நரம்பு மருந்து, நரம்புக்கு நல்லது. ஒரு ஆணுக்கு அந்த இடத்தில் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதைப் பெண்டாட்டி அறிவாள், தாய் ஊகிப்பாள், தங்கை காதில் வாங்காததுபோல் நடிக்கவேண்டும். பெயர் வைக்கப் பயந்த ஒன்றை எந்த டாக்டரிடம் போய் எப்படிச் சொல்வது? ஆனால் சுவரில் எழுதி வைத்திருந்தவனுக்கு அந்த வெட்கம் இல்லை. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நீலத்தில் பெரிது பெரிதாக எழுதியிருந்தான். ஆண்மைக் குறைவா, இளமையில் தளர்ச்சியா, கவலை வேண்டாம், மூலிகை மருத்துவம், பக்க விளைவு அறவே இல்லை. மாதத்துக்கொருமுறை வைத்தியர் அங்கே ஒரு லாட்ஜில் வந்து தங்குவார். பட்டறையில் கூட வேலை செய்த யாரோ சொல்லி அண்ணன் அங்கே போனார். டாக்டரிடம் போகக் கூசிய மனிதர், லாட்ஜ் மாடிப்படியில் வேறு பத்து ஆண்களோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபத்துக்கு முன்னால் அழுகைதான் வருகிறது.

மருந்தோடு வந்த அன்று அண்ணன் பழைய அண்ணனாக இருந்தார். கறுப்பாக ஒரு லேகியம், நெய்யும் ஜாதிக்காயும் மணக்கும். கூடவே பொட்டலம் பொட்டலமாக ஒரு செந்நிறத் தூள், தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும். நான் அந்தத் தூளைக் காட்டி, “இது எந்த இலைண்ணா?” என்று கேட்டேன். “இலையோ வேரோ, எல்லாம் பச்சிலைதான். கெடுதல் ஒண்ணும் இல்லன்னு எழுதியே போட்டுக்கிறாங்க” என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஊசி என்றால் உடம்புக்கு ஆகாது, மாத்திரை சூடு, ஆனால் காட்டில் முளைத்தது யாரையும் ஒன்றும் செய்யாது என்று எங்கள் பக்கம் அப்படி ஒரு நம்பிக்கை. எங்கள் வேலியோரத்திலேயே அரளி பூத்துக் குலுங்கியது. அதுவும் காட்டில் முளைத்ததுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும், கடும் பத்தியம். உப்பை வறுத்துப் போட வேண்டும். புளி அறவே கூடாது. பத்தியம் தப்பினால் மருந்தே விஷமாகிவிடும் என்று வைத்தியர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். பெண்டாட்டியின் பக்கத்தில் படுக்கவும் கூடாது. பிள்ளை வேண்டும் என்று சாப்பிடுகிற மருந்துக்காக அண்ணியின் பாய் அடுப்பங்கரைக்குப் போனது. அதன் வாசற்படியில் அம்மா காவலுக்குப் படுத்துக்கொண்டாள். அண்ணி புதுச் சட்டி வாங்கி அவருக்கென்று தனியாகச் சமைத்தாள். எங்களுக்குக் குழம்பு வைத்த கரண்டியை அந்தச் சட்டியின் பக்கம் கொண்டுபோகமாட்டாள். கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவருடைய அரிசியைத் தொடுவாள். ஒரு சாமி காரியத்தைப்போல அதைச் செய்தாள். அவள் செய்த அந்தச் சமையலை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

சில நாள் போனதும் அண்ணனுக்கு வாய் வெந்தது. ஈறு வீங்கி, எச்சில் வழிய ஆரம்பித்தது. பேசும்போது துண்டை வாயில் பொத்திக்கொள்வார். சாப்பாட்டில் தகர வாசனை வருகிறது என்பார். வைத்தியர் அதையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். வாய் வெந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “மருந்து நல்லா புடிச்சிக்கினு கீது” என்று கிணற்றடியில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், என்ன மருந்து என்பதை மட்டும் சொல்லாமல். ஒரு மனிதனுக்கு எங்கள் கண்ணெதிரே நஞ்சேறிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை நல்ல சகுனமென்று பார்த்துக்கொண்டிருந்தோம். இதைவிடக் கேடுகெட்ட அறியாமை வேறு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

பிறகு முகம் வீங்கியது. கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. லேத்தில் கை நடுங்கி வேலை கெட்டுப்போகிறது என்று பட்டறையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதை அவர் அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் என்னிடம் வந்து, “பாப்பா, எனக்கு பயமா கீது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்னு அத்தைகிட்ட நீயாவது சொல்லேன்” என்றாள். நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. மருந்து கொடுத்தவரையே கேட்போம் என்று பிடிவாதம் பிடித்து, வைத்தியர் வந்திருந்த நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனாள்.

அந்த அறை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரும்புக் கட்டில், அதன் மேல் விரித்த பெட்ஷீட்டில் வரிசையாக டப்பாக்கள், ஊதுபத்திப் புகை. வைத்தியர் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருந்தார். குரலே உயராது. அம்மா வீக்கத்தைச் சொல்லி முடித்ததும் கண்ணை மூடித் திறந்து, “புளி பட்டுச்சாம்மா?” என்றார். இல்லவே இல்லை என்றாள் அம்மா. உப்பு? வறுத்ததுதான். மருமகள் பக்கத்தில் போனாளா? நானே காவல் என்றாள். அவர் விடவில்லை. ஒரு கதவு சாத்தியிருந்தால் அடுத்த கதவைத் தள்ளிப் பார்க்கிறவரைப்போல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில், “தண்ணி எதுல குடிக்கிறாரு?” என்றார். பித்தளைச் சொம்பில் என்றாள் அம்மா. “அந்தச் சொம்ப இன்னாத்தப் போட்டுத் தேய்க்கிறீங்க?”

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வைத்தியர் பெருமூச்சு விட்டு, “நான் சொல்லித்தானே குடுத்தேன். இனிமே என் கையில ஒண்ணும் இல்லம்மா” என்று டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆள் உள்ளே வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் புளி, முன்னால் சொம்பு. அம்மா கிட்டே போய் நின்று, “எம் புள்ளைய நீயே கொன்னுட்டியேடி பாவி” என்றாள். கத்தக்கூட இல்லை. அண்ணிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா சொல்லச் சொல்ல, அவள் பார்வை தன் கைக்குப் போனது. விரலிடுக்கில் ஒட்டியிருந்த புளியைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள். “கழுவிட்டுத்தானே அத்தே குடுத்தேன்” என்றாள். அப்புறம் இன்னும் சின்னக் குரலில், “ரெண்டு தண்ணி வுட்டுக் கழுவுனனே” என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் தன் பக்க நியாயத்தைப் பேசவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரருடைய வண்டியில் சென்னைக்குக் கொண்டுபோனோம். மிச்சமிருந்த செந்நிறப் பொட்டலத்தை நான் எடுத்துப் போயிருந்தேன். வார்டில் இருந்த இளம் டாக்டர் அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். “இது இலை தழை இல்லைம்மா. பாதரசம் கலந்த தூள் மாதிரி இருக்கு. முறையா பக்குவம் பண்ணாத சரக்கு. சிறுநீரகம் ரெண்டும் கெட்டுப்போச்சு” என்றார். புளி பட்டதனால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “புளிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். “ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். ஆண்களுக்கு அந்தத் தளர்ச்சி வர்றதுக்கு அதுவே போதும். முதல்லயே வந்திருந்தா அதுக்கு மட்டும் வைத்தியம் பார்த்திருக்கலாம்.” சர்க்கரை வியாதிக்காரருக்கு நாங்கள் காலையும் மாலையும் வெல்லப்பாகில் கிண்டிய லேகியத்தை உருட்டி உருட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அண்ணன் பிழைக்கவில்லை. கடைசியாக நினைவு இருந்தபோது அண்ணியிடம் தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரி டம்ளரில் நர்ஸ் அளந்து கொடுத்ததைத்தான் அவள் கொடுக்க முடிந்தது. “நம்ம சொம்பு எங்க?” என்று கேட்டார். அவள் எழுந்து வராந்தாவுக்கு ஓடிவிட்டாள்.

டாக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. பாதரசம் யாருக்கும் தெரியாது, புளி எல்லார் வீட்டிலும் இருந்தது. அதுவுமில்லாமல், டாக்டர் சொன்னதை ஒப்புக்கொண்டால் அண்ணன் எதற்காக மருந்து சாப்பிட்டார் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும். பெண்டாட்டி பத்தியத்தைக் கெடுத்தாள் என்றால் அந்தப் பேச்சே எழாது. ஒரு ஆணின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண்ணைக் கொலைகாரி ஆக்கினார்கள். இதை இப்படி எழுத எனக்கு இவ்வளவு வயது ஆகவேண்டியிருந்தது. அண்ணியை அவள் அண்ணன் வந்து சேரப்பணஞ்சேரிக்கு அழைத்துப் போனார். சீர்ப் பாத்திரங்களை அம்மா மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்தாள். அந்தச் சொம்பை மட்டும் அண்ணி மூட்டையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறினாள்.

ஊர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அண்ணியே அதை நம்பிவிட்டாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து அவள் புளி சேர்த்துக்கொள்ளவில்லை. குழம்பு, ரசம் எதுவும் கிடையாது. வெறும் சோற்றில் மோரை ஊற்றிக்கொள்வாள். பின்னாளில் ஒரகடத்தில் கம்பெனிகள் வந்து, ஒரு கேன்டீனில் தட்டு கழுவும் வேலைக்குப் போனாள். சாம்பார் வழியும் தட்டுகளை ஷிப்ட் முழுக்கக் கழுவுவாள், சாப்பிடும்போது மட்டும் பத்தியக்காரியாக உட்காருவாள். பார்க்கப் போகும்போதெல்லாம் நான் சண்டை போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவள் நான். புளியில் அமிலம் இருக்கிறது, அது பித்தளையின் களிம்பை எடுக்கிறது, கழுவினால் போய்விடுகிறது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைக்கும் புரிந்தது. அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ படிச்ச பொண்ணு பாப்பா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் புளி பட்டுச்சுதானே?” என்பாள்.

இப்போது ஒரகடம் சாலையில் போனால் வரிசையாகக் கூடாரங்கள். வேர்களும் எண்ணெய்க் குப்பிகளும் பரப்பி வைத்திருக்கிறார்கள். பேனரில் அதே சேதி, கலர் மட்டும் மாறியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று வாங்கிப் போகிறார்கள். ஒருமுறை ஆட்டோவை நிறுத்தி, அப்படி நின்றிருந்த ஒருவனிடம், “தம்பி, அதுல இன்னா கலந்துக்கிறான்னு தெரியுமா? டாக்டர்கிட்ட போய் முதல்ல சர்க்கரை பாரு” என்றேன். அவன் கூசிப்போய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கிழவி ஒருத்தி ரோட்டில் அதைப் பேசிவிட்டாள் என்ற கூச்சம். அடுத்த நாள் வந்து வாங்கியிருப்பான்.

அண்ணிக்குக் கடைசிக் காலத்தில் முடியாமல் போனபோது என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் பையில் இரண்டு புடவைக்கு அடியில் அந்தச் சொம்பு இருந்தது. அடையாளமே தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தது. எனக்கு அன்று என்ன வீம்பு வந்ததோ, எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். பழைய மினுக்கம் அப்படியே வந்துவிட்டது. தண்ணீர் நிரப்பி அவள் தலைமாட்டில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“புளியா?”

“ஆமா அண்ணி. புளிதான்.”

சண்டைக்குத் தயாராக நான் உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு கையாலும் சொம்பைத் தூக்கி, வாய் வைத்து, மூச்சு வாங்கி வாங்கி, அடிவரைக்கும் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு படுத்தாள். ஏதோ நடக்கப் போகிறது என்று காத்திருப்பவளைப்போல ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து, “ஒண்ணும் ஆவலியே பாப்பா” என்றாள்.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். “இன்னா ஆவும் அண்ணி? ஒண்ணும் ஆவாது. அதைத்தானே நான் அன்னிலேருந்து சொல்லிக்கினு கீறேன்” என்று அவள் கையைப் பிடித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

“எனக்கு எப்பிடி ஆவும்? நான் இன்னா, மருந்து சாப்ட்டுக்கினா கீறேன்?”

அந்த மாதமே போய்விட்டாள். சொம்பு என்னிடம் இருக்கிறது. அன்று தேய்த்த மினுக்கம் எப்போதோ போய்விட்டது. மறுபடியும் கறுத்துக்கொண்டு வருகிறது. நான் தொடுவதில்லை.